அற்புதத்துக்குப் பிந்தைய இரண்டு வாரம்

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. வருமான வரிப் படிவம் அனுப்ப இன்னும் நான்கே நாள் இருந்தது. அமெரிக்காவில், போர்த்துகீசியர் நிறைந்த ஃபால் ரிவர் ஊரில் எங்கள் புனித இராயப்பர் கோவிலின் கீழ்த்தளக் கூடத்தில், கட்டணம் கொடுத்து ஆள் வைக்க முடியாதவர்களுக்குப் படிவம் போட்டுக்கொடுக்க ஐந்து மேசைகள் போடுவோம். மூன்றாவது மேசை என்னுடையது. ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு ஆண்டாக இந்த வேலை.

வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். வளர்ப்பு நாயைக் குடும்பத்தில் ஒருவராகக் காட்டி வரி குறைக்க முடியுமா என்று கேட்டவர் உண்டு. ஆனால் தன்னைத் திருடனாகப் பதிந்துகொள்ளும்படி கேட்டவர் குவால்தெர் அர்ருதா ஒருவர்தான்.

குவால்தெருக்கு, மெனேசெஸ் என்பவரின் பேக்கரியில் அடுப்படி வேலை. அறுபத்தொரு வயது. உயரம் ஐந்தடி, அதுவும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்போடு. எத்தனை தடவை குளித்தாலும் காது மடிப்பில் மாவு இருக்கும். அன்று தன் மனைவி இதலினாவோடு வந்து உட்கார்ந்தார். தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, 'தோனா' என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டார்.

"தோனா நதாலியா, திருட்டுச் சொத்தைப் படிவத்துல எந்த வரியில போடணும்?"

"யாரு திருடினது?"

"நான்தான்."

"ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் இதலினா. "அக்கா, நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயித்துல இப்படித்தான் பேசுவாரு."

"சாப்பிட்டாலும் இதான் பேசுவேன்," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் முன்னால் நீவி வைத்தார். வரித்துறையின் கையேட்டிலிருந்து மகள் அச்செடுத்துக் கொடுத்த பக்கம். நடுவில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஒருவர் எதையாவது திருடினால், அதே ஆண்டுக்குள் உரியவரிடம் திருப்பிக் கொடுக்காவிட்டால், அதன் மதிப்பை வருமானமாகக் காட்ட வேண்டும் என்று அங்கே இருந்தது.

அந்த வாசகம் உண்மையிலேயே கையேட்டில் உண்டு. எந்தத் திருடன் அதைப் படித்துப் பயந்தான் என்று எனக்குத் தெரியாது. இந்த ரொட்டிக்காரர் பயந்திருந்தார்.

"சரி, என்னத்தத் திருடினீங்க?"

"ரெண்டு வாரம்."

இதலினா கைப்பையைத் திறந்து மாநிலம் அனுப்பிய தாளை எடுத்து வைத்தாள். சென்ற ஆண்டு மே மாதம் குவால்தெருக்கு இரண்டு பக்கமும் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மாவு மூட்டை தூக்கக் கூடாது, அடுப்புக்குள் குனியக் கூடாது என்று டாக்டர் எட்டு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். மாநிலத்தின் மருத்துவ விடுப்புத் திட்டம் முதல் வாரத்தை விட்டுவிட்டு ஏழு வாரத்துக்குப் பணம் கொடுத்தது. வாரத்துக்கு அறுநூற்றெண்பது டாலர். மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று அறுபது.

"இதுல திருட்டு எங்க வந்துச்சு?" என்றேன்.

"ஜூன் இருபத்தொம்பதுல வந்துச்சு."

அது எங்கள் பாதுகாவலரும் இயேசுவின் மீனவச் சீடருமான பேதுரு என்ற இராயப்பரின் திருவிழா. இராயப்பர் சுரூபத்தைப் பல்லக்கில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோவோம். பூவும் மரமும் சேர்ந்து அறுநூறு பவுண்டுக்குக் குறையாது. குவால்தெர் முப்பத்தொரு ஆண்டு அதைத் தூக்கியவர். ஆபரேஷன் மேசையில் படுத்தபோது, உயிரோடு எழுந்தால் இந்த ஆண்டும் தூக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டாராம்.

"மயக்க ஊசி ஏறினப்புறம் சொன்னது அக்கா," என்றாள் இதலினா. "அதுக்கு முன்னாடிதான் நர்ஸைத் தன்னோட செத்துப்போன சித்தின்னு நெனச்சு ஆசீர்வாதம் கேட்டாரு. அந்தக் கணக்குல வருது இந்த நேர்ச்சை."

"நேர்ச்சை நேர்ச்சைதான். ஆறாவது வாரம். டாக்டரம்மா ஒரு கேலன் பாலுக்கு மேல தூக்காதேன்னாங்க. நான் போனேன். பல்லக்குக்குக் கீழ நின்னேன். எழுப்பினாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "தோனா நதாலியா, பாரமே இல்ல. முப்பத்தொரு வருசமா என் தோளை ஒடைச்சவரு, அன்னைக்கு எறகு மாதிரி வந்தாரு. கொலம்பியா தெரு முனை வரைக்கும் நடந்தேன். ஒரு வலி கெடையாது. அப்ப எனக்குப் புரிஞ்சுது. என்னைக் குணமாக்கிட்டாரு."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா குணமானவன் என்ன பண்ணணும்? மறுநாளே மாநிலத்துக்குச் சொல்லியிருக்கணும். ஐயா, அற்புதம் நடந்துடுச்சு, பணத்தை நிறுத்துங்கன்னு. நான் சொல்லல. இன்னும் ரெண்டு வாரம் வீட்டுல உக்காந்து டிவி பாத்தேன். ரெண்டு தடவை அறுநூத்தெண்பது. அது நோயாளிக்கான காசு. நான் நோயாளி இல்ல."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சிரிப்பு வரும்போது நான் செய்கிற காரியம் அது. ஆனால் அவர் கண்கள் சிரிக்கிற கண்களாக இல்லை.

"பாதர் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கடன் இருந்தா தீர்த்துடு, இல்லேன்னா சும்மா இருன்னாரு. தீர்க்கத்தான் பாத்தேன். ஜனவரியில ஆயிரத்து முந்நூத்தறுபதுக்குச் செக் அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"கூட ஒரு கடுதாசி," என்றாள் இதலினா. "உங்க பேர்ல பாக்கி எதுவும் இல்ல, எதுக்கு அனுப்பினீங்கன்னு தெரியலன்னு. அந்தக் கடுதாசிய இவரு மாதா படத்துக்குக் கீழ வெச்சிருக்காரு."

குவால்தெர் தாளைத் தட்டினார். "அதனாலதான் இங்க வந்தேன். திருப்பிக் குடுக்க முடியல. அப்ப வருமானமா காட்டணும். அதுக்கு வரி கட்டணும். சட்டமே வழி சொல்லுது."

நான் வேலையைத் தொடங்கினேன். சட்டம் தெளிவானால் மனசும் தெளியும் என்பது என் எண்ணம். பேக்கரி கொடுத்த சம்பளச் சான்றை எடுத்தேன். ஒரு சின்னக் கட்டத்தில், இந்த விடுப்புத் திட்டத்துக்காக அவர் சம்பளத்தில் பிடித்த தொகை இருந்தது.

"இங்க பாருங்க. இது உங்க காசு. வாராவாரம் உங்க சம்பளத்துல இருந்து போனது. மருத்துவ விடுப்புல யாரு காசு கட்டினாங்கங்கிறதுதான் கேள்வி. முதலாளி கட்டின பங்குக்கு ஈடா வர்ற தொகைக்கு வரி உண்டு. நீங்களே கட்டினதுக்கு ஈடா வர்றதுக்கு இல்ல. இருபத்தஞ்சு பேருக்குக் கீழ வேலை பாக்குற இடத்துல முதலாளி கட்ட வேண்டியதில்ல. உங்க பேக்கரியில எத்தன பேரு?"

"பூனையை விட்டுட்டு ஒன்பது."

"மெனேசெஸ் தானா முன்வந்து ஏதாவது கட்டினாரா?"

குவால்தெரும் இதலினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில்தான் முதல் தடவையாக அன்று அவர்கள் ஒத்துப்போனார்கள்.

"மெனேசெஸா? கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவங்கவங்க நாற்காலியக் கொண்டாரச் சொன்ன ஆளு அக்கா."

இருந்தாலும் கேட்காமல் எழுதக் கூடாது. பேக்கரிக்குப் போன் போட்டேன். மெனேசெஸே எடுத்தார்.

"கட்டணும்னு சட்டம் இருக்கா?" என்றார்.

"இல்ல."

"அப்புறம் ஏன் கேக்குறீங்க?" போனை வைத்துவிட்டார்.

ஆக முழுத் தொகையும் வருமானத்தில் சேராது. மாநிலம் தாள் அனுப்பியிருப்பதால், பிற்பாடு கேள்வி வராமலிருக்க, எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தொகையைப் பிற வருமானம் என்ற வரியில் எழுதுவோம். உடனே கீழே அதே தொகையைக் கழித்து, காரணத்தையும் குறிப்போம். நான் நாலாயிரத்து எழுநூற்று அறுபதை எழுதியதும் குவால்தெர் நாற்காலியில் நிமிர்ந்தார். பத்து மாதத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டது போல இருந்தது.

"முழுசும் போட்டுட்டீங்களே. ரெண்டு வாரம் போதும். பரவால்ல, இருக்கட்டும்."

நான் அடுத்த வரியில் கழித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"கழிக்கிறேன்."

"இப்பதானே எழுதினீங்க."

"எழுதினதே கழிக்கத்தான்."

"பாவத்தைச் சொல்ல வெச்சு, சொல்லவே இல்லன்னு எழுதுற மாதிரி இருக்கு," என்றார். பிறகு கணினித் திரையின் கீழ் மூலையைப் பார்த்தார். "அந்த முந்நூத்துப் பன்னெண்டு என்னது?"

"அது உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய வரி."

அவர் முகம் வெளுத்தது. "இன்னும் தர்றாங்களா?"

கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். கணவன் மனைவி சேர்ந்து போடும் படிவம். இருவரும் கையெழுத்திட வேண்டும். இதலினா போட்டுவிட்டாள். அவர் பேனாவைக் கையில் எடுத்து, கையெழுத்துக்கு மேலே உள்ள உறுதிமொழியை விரல் வைத்துப் படித்தார். அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இது உண்மை என்று அதில் இருந்தது.

"என் அறிவுக்கு நீங்க சொல்றது சரி. நம்பிக்கைக்கு? நான் குணமானது ஜூன் இருபத்தொம்பது."

"டாக்டரம்மா எட்டாவது வாரம் பாத்துட்டுத்தானே சான்று குடுத்தாங்க? அப்பதான் ஆறியிருக்குன்னு எழுதியிருக்காங்க."

"அந்தம்மா சுரூபமே வெக்காத சபைக்காரங்க. அவங்களுக்கு இது எப்படித் தெரியும்?" பேனாவைக் கீழே வைத்தார். "நான் போய் ஒரு காப்பி எடுத்துட்டு வர்றேன்."

அவர் கூடத்தின் மூலைக்குப் போனதும் இதலினா என் பக்கம் சாய்ந்தாள். அதுவரை இருந்த கிண்டல் அவள் முகத்தில் இல்லை.

"அக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு, இவரோட பல்லக்குத் தூக்குற செராஃபிமோட பேத்திக்கு ஞானஸ்நானம். இவருதான் ஞானத்தகப்பன். திருட்டுக் கையால மெழுகுவத்தி பிடிக்கமாட்டேங்கிறாரு. இந்தக் காகிதத்துல தீந்துதுன்னா வர்றேன்னாரு. அதான் உங்ககிட்ட இழுத்துட்டு வந்தேன். பாவத்தோட வாங்கக் கூடாதுன்னு பத்து மாசமா பூசையில நற்கருணை அப்பம் வாங்கல. நானும் முதுகுவலின்னு எல்லாருகிட்டயும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே முதுகு வலிக்குது."

"இதலினா," என்றேன் மெதுவாக. "அவருக்கு நெசமாவே தெரியாதா?"

அவள் தெரியாதென்று தலையசைத்தாள்.

நான் திருவிழாவன்று கோவில் படியில் ஜெபமாலையோடு நின்றிருந்தேன். வழக்கமாகக் குட்டையானவர்களோடு முன்வரிசையில் நிற்கும் குவால்தெரை, அந்த ஆண்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் செராஃபிம் ரபோசோ, பின்னால் அவர் தம்பி ஹெர்மானோ. இரண்டு பேரும் ஆறடிக்கு மேல், மீன்பிடிக் கப்பலில் வலை இழுத்த தோள்கள். பல்லக்கு எழுந்தபோது தூக்குமரம் அவர்கள் தோள்களில் உட்கார்ந்தது. குவால்தெரின் தோளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெயில் தெரிந்தது. அவர் கண்ணை மூடி, கையை மட்டும் உயர்த்தி மரத்தைப் பிடித்தபடி அழுதுகொண்டே நடந்தார். நான் பார்த்தேன். படியில் நின்ற எல்லாரும் பார்த்தோம், ஊர்க்கதையை வாயில் அடக்கத் தெரியாத இதலினாவின் கூடப்பிறந்த அக்கா உட்பட.

"நான்தான் கேட்டேன்," என்றாள் இதலினா. "மொத நாள் ரெண்டு இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். இவர நிறுத்த முடியாது, தையல் பிரிஞ்சா செத்துடுவாரு, நீங்கதான் பாத்துக்கணும்னேன். செராஃபிம் ரொட்டிய வாங்கிட்டு, அவரு எவ்வளவு உயரம்னு மட்டும் கேட்டாரு."

"சொல்லிடேன். திருட்டும் இல்ல ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்."

"சொன்னா இராயப்பரும் இல்லன்னு ஆயிடும் அக்கா. முப்பத்தொரு வருசம் தூக்கினதுக்கு அவருக்குக் கெடச்சது அந்த ஒரு நாள்தான். நான் எப்படி அதைப் பிடுங்குவேன்?"

பதிவேட்டுப் பிரிவில் இருந்தவள் நான். உள்ளதை உள்ளபடி எழுது என்பதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். ஆனால் ஒரு மனிதரின் சந்தோஷத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, எதில் கழிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொன்னேன். துணிச்சல் இல்லாதபோது நான் சொல்வது அது.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் காரியம் என் கையை விட்டுப் போய்விட்டது. காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்து வரிசையில் செராஃபிம் தன் முறைக்காகக் காத்திருந்தார், மடியில் காகிதம் நிரம்பிய ஒரு செருப்புப் பெட்டியோடு. குவால்தெர் காப்பிக் கோப்பையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"செராஃபிம், நாளைக்கு நான் வரமுடியாது."

"முதுகா?"

"முதுகு இல்ல."

"அப்ப வேற என்ன?" செராஃபிம் பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "பொண்ணு கேக்குக்குச் சொல்லிட்டா. பாஸ்டன்ல இருந்து மாப்பிள வீட்டுக்காரங்க இன்னைக்கே வர்றாங்க. எங்க வீட்டுப் பிள்ள உனக்குத் தகுதி இல்லேன்னா நேராச் சொல்லியிருக்கணும், மூணு மாசம் முன்னாடியே."

"பிள்ளைக்குத்தான் நான் தகுதி இல்ல. நான் திருடன்."

"நீயா? பேக்கரியில உடைஞ்ச பிஸ்கட்டக்கூட எடைபோட்டுக் காசு வெக்கிற ஆளு நீ."

"மாநிலத்துக் காசு. ரெண்டு வாரம்." குவால்தெர் எல்லாவற்றையும் சொன்னார். பல்லக்கு, இறகு, கொலம்பியா தெரு, டிவி. மற்ற நான்கு மேசைகளிலும் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. செராஃபிம் கேட்கக் கேட்க, அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. என் பக்கத்தில் இதலினா எழுந்துவிட்டாள்.

"செராஃபிம்," என்றாள், எச்சரிக்கிற குரலில்.

"இல்ல இதலினா, போதும். ரொட்டிக்கு வாயை மூடினேன். பேத்திக்கு மூடமாட்டேன்." அவர் எழுந்தார். குவால்தெரின் தலை அவர் மார்புக்கு வந்தது. "அன்னைக்கு உன் தோள்ல மரம் பட்டுச்சா?"

"பட்டும் படாம இருந்துச்சு. காத்து மாதிரி."

"காத்துதான்டா அது. உன் தோளுக்கும் மரத்துக்கும் நடுவுல காத்துதான் இருந்துச்சு. உன்னை நடுவுல நிறுத்தினதே அதுக்குத்தான். நானும் ஹெர்மானோவும் தூக்கினோம். நீ கொடிக்கயித்துல துணி காயப்போட்ட மாதிரி கையைத் தொங்கவிட்டுட்டு வந்தே."

குவால்தெர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தோனா நதாலியா, நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "பாத்தேன்."

"எவ்வளவு இருக்கும்?"

நான் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் போன இடத்திலெல்லாம் ஆட்கள் அவசரமாகத் தங்கள் காகிதங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு மூதாட்டி தன் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கோப்பையிலிருந்த காப்பியைக் குடிக்கவில்லை. அவமானப்பட்டவரின் முகம் அல்ல அது. வாசலில் விருந்தாளி வந்துவிட்டதாக எண்ணி ஓடிப்போய்த் திறந்து, யாரும் இல்லாமல் திரும்பியவரின் முகம்.

"அப்ப அவரு என்கிட்ட வரவே இல்ல," என்றார்.

"வந்தாரு," என்றாள் இதலினா. அவர் தோளில் கை வைத்தாள். "ரெண்டு ஆளா வந்தாரு. அவங்க மீன்வாடையக்கூட நீங்க கவனிக்கல."

செராஃபிம் பெட்டியையும் மறந்து பின்னாலேயே வந்து நின்றிருந்தார். கோபம் போய்விட்டது, இப்போது என்ன செய்வதென்று தெரியாத பெரிய உடம்பு மட்டும் மிச்சம். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "துணி காயப்போட்ட மாதிரின்னு. நீ அழுதுட்டே வந்தே. எங்க யாரையும்விட நீதான் நல்லா வந்தே."

குவால்தெர் நிமிர்ந்தார். "என் பங்கு எவ்வளவு இருக்கும்?"

"என்னத்துல?"

"பாரத்துல. அறுநூறு பவுண்டுல."

செராஃபிம் மனசுக்குள் கணக்குப் போட்டார். "எட்டு பேரு. எழுபத்தஞ்சு."

"அதையும் சேத்துத் தூக்கினீங்களா?"

"பாதி நான், பாதி தம்பி."

"வலிச்சுதா?"

"வலிக்காம? மூணு வாரம் இந்தக் கையால மீசைய முறுக்க முடியல. அவன் நெலம இன்னும் மோசம். எண்ணெய் தேச்சுவிட அவன் பொண்டாட்டி என்கிட்ட காசு கேட்டா."

"உங்களுக்கு விடுப்புக் காசு வந்துச்சா?"

"ஓய்வு வாங்கினவனுக்கு எவன் விடுப்பு தருவான்?"

குவால்தெர் தலையாட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அந்த முகத்தில் பழையபடி கடமை வந்திருந்ததைப் பார்த்ததும் நான் விசைப்பலகையைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"தோனா நதாலியா. எனக்காக ரெண்டு பேரு எழுபத்தஞ்சு பவுண்டு தூக்கியிருக்காங்க. கூலி வாங்கல. நான் இதை வாங்கியிருக்கேன். இது எந்த வரியில வரும்?"

இதலினா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. பதினோரு ஆண்டில் நான் சொன்ன பதில்களிலேயே எனக்குப் பிடித்த பதில் அது.

"எந்த வரியிலயும் வராது. அன்புல ஒருத்தர் குடுத்தது வாங்கினவருக்கு வருமானம் இல்ல. அதைக் காட்ட வேண்டியதும் இல்ல, வரி கட்ட வேண்டியதும் இல்ல. சட்டம் அப்படித்தான் இருக்கு."

"சட்டத்துலயா இருக்கு?"

"சட்டத்துலதான்."

"அப்ப வாங்கிக்கலாம்?"

"வாங்கிக்கலாம்."

அவர் அதை நம்பச் சிரமப்பட்டார் என்றே நினைக்கிறேன். வாழ்க்கை முழுக்க எடைபோட்டு வாங்கியவருக்கு, எடைபோடாமல் வந்ததை வாங்குவது எளிதல்ல. கடவுள் நம்மிடம் கேட்பதில் மிகக் கடினமானது கொடுப்பது என்று சின்ன வயதில் எண்ணியிருந்தேன். இந்த மேசையில் உட்கார்ந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

"அப்ப ஜூன் இருபத்தொம்பதுல நான் குணமாகல," என்றார் மெதுவாக.

"ஆகல."

"எட்டு வாரமும் நோயாளிதான்."

"முழு நோயாளி," என்றாள் இதலினா. "சாட்சி நான். சூப்பு வெச்சுக் குடுத்தவ நான்."

அவர் பேனாவை எடுத்தார். உறுதிமொழியை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. பிறகு எழுந்து செராஃபிமின் இரண்டு தோள்களிலும் கை வைத்தார். அதற்கு அவர் எம்ப வேண்டியிருந்தது. செராஃபிம் மூக்கைச் சிந்தினார்.

"நாளைக்குப் பத்தரைக்கே வந்துடு," என்றார். "பிள்ள வீல்னு கத்தும். அது அம்மா வழி."

மறுநாள் பூசை முடிந்து ஞானஸ்நானம் நடந்தது. குவால்தெர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பூசையில் நற்கருணை வாங்கியபோது முன்வரிசைப் பெண்கள் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். குழந்தை, சொன்னபடியே, வீல் என்று கத்தியது. பாதர் சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, குவால்தெர் போட்ட சத்தத்தில் அது ஒரு நொடி வாயை மூடியது. மெழுகுவர்த்தியைப் பிடித்திருந்த கை ஆடவில்லை.

பிறகு கீழ்த்தளக் கூடத்தில் சாப்பாடு. எங்கள் வரி மேசைகளின் மேலேயே துணி விரித்து, காலே கீரை சூப்பும் கோழியும் கேக்கும் வைத்திருந்தார்கள். நான் தட்டோடு நின்றபோது குவால்தெர் பக்கத்தில் வந்தார்.

"தோனா நதாலியா, நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். அன்னைக்குக் கோவில் படியில எத்தன பேரு நின்னிருப்பாங்க?"

"முந்நூறு இருக்கும்."

"எல்லாரும் பாத்திருக்காங்க."

என் முகம் சூடானது. "மன்னிச்சுக்குங்க குவால்தெர். யாரும் கேலி பண்ணணும்னு இல்ல."

"நான் அதச் சொல்லல." அவர் கூடத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். சூப் பாத்திரத்தைச் சுற்றி நின்று ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்த எங்கள் பங்கு மக்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூன்று தெரு தாண்டித் தெரிந்துவைத்திருப்பவர்கள். "இந்த ஜனங்க. முந்நூறு பேரு. ஒரு விஷயத்தப் பாத்துட்டு, பத்து மாசம், எனக்குக் கஷ்டமா இருக்கும்னு ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல." அவர் சூப் பாத்திரத்தருகே கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த இதலினாவின் அக்காவைப் பார்த்தார். "செராஃபிம் தூக்குவான், தோள் இருக்கு. ஆனா இதலினாவோட அக்காவையே பேசாம வெக்கிறதுக்கு யாரால முடியும்? நீங்களே சொல்லுங்க. இது இராயப்பர் வேலை இல்லாம வேற யாரு வேலை?"

அவர் மேலே பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, கேக் வெட்டுகிற இடத்துக்குப் போனார்.